மதிப்பெண் சரிந்தால் உடலையும் பாருங்கள்

தாமதமாக வரும் பிள்ளைகள்

தீராத தலைவலி, வயிற்றுவலி, தூக்கமின்மை என்று ஐந்தாம் படிவப் பிள்ளைகளை மருத்துவரிடம் அழைத்து வருவதற்குள் பெரும்பாலும் பல மாதங்கள் ஓடிவிடுகின்றன. அதற்குள் பனடோல் அட்டை அட்டையாகத் தீர்ந்திருக்கும். மந்திரித்துக் கயிறும் கட்டியாகியிருக்கும். எஸ்.பி.எம். முன்னோட்டத் தேர்வில் மதிப்பெண் விழுந்த பிறகுதான் வீடு விழித்துக்கொள்கிறது. சுகாதார அமைச்சு 2022இல் பள்ளி மாணவர்களிடம் நடத்திய நாடு தழுவிய ஆய்வில் ஏறத்தாழ நால்வரில் ஒருவரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. இது ஒரு சில வீடுகளின் பிரச்சினை அன்று.

‘சோம்பேறி’ என்று சொல்லாதீர்கள்

படிப்பில் பின்தங்கும் பிள்ளை சோம்பேறி என்ற நம்பிக்கைதான் அதிகக் கேடு செய்கிறது. பின்தங்குவதற்கு உடலும் காரணமாக இருக்கலாம். கோலாலம்பூரின் மலிவுவிலை அடுக்குமாடிகளில் யுனிசெஃப் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை என்றது. அந்தப் பிள்ளைகள் இன்று பள்ளி மாணவர்கள். அத்தகைய அடுக்குமாடிகளில் இட நெருக்கடியும் புதிதல்ல. டியூஷன் முடித்து, வீட்டில் சத்தம் அடங்கி, நள்ளிரவில் படுத்து, ஏழரை மணிப் பள்ளிக்காக ஐந்தரைக்கு எழும் பிள்ளைக்குக் கிடைப்பது ஐந்தரை மணி நேரத் தூக்கம். பதின்ம வயதுக்குத் தேவையோ எட்டு முதல் பத்து மணி நேரம். தூக்கம் குறைந்தால் கவனம் குறையும், மதிப்பெண் குறையும். திட்டு வாங்கினால் இருக்கிற தூக்கமும் போகும்.

அதே அடுக்குமாடியில் வளர்ந்து டாக்டரானவர்கள் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறார்கள். ஆனால் அவர்களின் வெற்றியை மன உறுதி ஒன்றுக்கே கணக்கு எழுதுவது தவறு. பன்னிரண்டாயிரம் அமெரிக்க மாணவர்களின் தரவைக் கொண்டு 1997இல் வெளியான ஆய்வில், குடும்பத்தோடும் பள்ளியோடும் நெருக்கமாக உணர்ந்த பிள்ளைகளிடம் மனவேதனையும் தற்கொலை எண்ணமும் குறைவாக இருந்தன. ‘கடைசி வகுப்பு’ என்று ஒதுக்கப்படும் பிள்ளை இழப்பது அந்த நெருக்கத்தைத்தான். நோய் இருப்பதால் படிப்பு கெட்டதா, படிப்பு கெட்டதால் நோயா என்ற கேள்வியும் நியாயமே. இரண்டும் நடக்கும். அதனால் திட்டுவதற்கு முன் ஹீமோகுளோபினையும் கண்பார்வையையும் சோதித்துவிடுங்கள்.

நீங்களே மருந்து கொடுக்காதீர்கள்

பனடோலை மாதத்தில் பதினைந்து நாளுக்கு மேல் தொடர்ந்து விழுங்கினால், அதுவே தலைவலியை வரவழைக்கும். இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. தூங்குவதற்கு இருமல் மருந்து, விழித்திருக்க ‘எனர்ஜி’ பானம் என்று மாற்றி மாற்றிக் கொடுப்பதை உடனே நிறுத்துங்கள். வேப் மனத்தை அமைதிப்படுத்துகிறது என்று பிள்ளை சொன்னால் நம்பாதீர்கள். நிக்கோடின் குறையும்போது வரும் பதற்றத்தை நிக்கோடினே சற்று நேரம் தணிக்கிறது, அவ்வளவுதான்.

கெஞ்சிக் கேட்கிறேன், முடிவுப் பட்டியலைக் கேட்பதற்கு முன் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேளுங்கள். சாக வேண்டும் என்று பிள்ளை ஒரே ஒரு முறை சொன்னாலும் நடிப்பென்று தள்ளாதீர்கள், தனியே விடாதீர்கள், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். போலீஸ் வழக்காகிவிடும் என்று அஞ்சி மறைக்கவும் வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. மனநல உதவிக்கு சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555.