கொழுந்து இறங்கும் மாடிகள்: ஹந்தானை தேயிலை அருங்காட்சியகம்

ஹந்தானையில் உள்ள இலங்கைத் தேயிலை அருங்காட்சியகம் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள்ளேயே அமைந்திருக்கிறது. 1925இல் கட்டப்பட்டு, பின்னாளில் பத்தாண்டுக்கு மேல் கைவிடப்பட்டுக் கிடந்த கட்டடம் அது. இலங்கைத் தேயிலைச் சபையும் தோட்டத் துரைமார் சங்கமும் சேர்ந்து அதைத் திருத்தியமைத்து 2001இல் பொதுமக்களுக்குத் திறந்தன. கண்டி நகரிலிருந்து ஹந்தானை மலைப்பாதையில் மூன்று நான்கு கிலோமீற்றர் ஏறினால் சாம்பல் நிறத்தில், வரிசை வரிசையாக ஜன்னல்களோடு அது நிற்கும்.

பிள்ளைகளோடு கண்டிக்கு வருபவர்கள் தலதா மாளிகை வளாகத்தில் பதம்செய்து வைத்திருக்கும் ராஜா யானையையும், கடுகண்ணாவையில் உள்ள ரயில் அருங்காட்சியகத்தையும் தவறாமல் காட்டுவார்கள். யானையும் ரயிலும் பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போகும். தேயிலைப் பொறி அப்படியல்ல. என்ன செய்வதற்காக அது இப்படி இருக்கிறது என்று யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் பிள்ளையின் கண் அதில் நிற்கும். ஹந்தானையில் பெரும்பாலான பொறிகள் ஓடாமல் நிற்பதால் இந்தத் தேவை இன்னும் கூடுகிறது.

முதலில் பார்க்க வேண்டியது கட்டடம். மலையகத்தின் பழைய தேயிலைத் தொழிற்சாலைகள் எல்லாமே உயரமாக, மாடி மாடியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பறித்த கொழுந்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதில் ஒரு பகுதியை மெதுவாகப் போக்கி இலையைத் துவளச் செய்தால்தான் அது உடையாமல் சுருளும். இந்த வாட்டுதலுக்குப் பரந்த இடமும் நிறையக் காற்றும் வேண்டும். அதனால் மேல் மாடிகள் முழுவதும் வாட்டும் தளங்களாயின. கோணித் துணியை அடுக்கடுக்காக இழுத்துக் கட்டி, அதன்மேல் கொழுந்தை மெல்லிய படலமாகப் பரப்பினார்கள். வெயில் நாளில் ஜன்னல்களைத் திறந்துவிட்டாலே போதும். மழை நாளில் கீழே உலரடுப்பு விடும் வெப்பக் காற்றை விசிறிகள் மேலே இழுத்துக் கொடுக்கும். பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம் வாடிய இலை, தளத்தில் இருக்கும் துவாரங்களின் வழியே கீழ்த்தளத்துக்குத் தள்ளப்படும். கொழுந்து ஒருமுறைதான் மேலே ஏறுகிறது. அதன் பிறகு வேலையில் பாதியைப் புவியீர்ப்பே பார்த்துக்கொள்கிறது. இப்போது பெரும்பாலான தொழிற்சாலைகளில் கோணித் துணி போய், அடியிலிருந்து விசிறி காற்றூதும் நீண்ட தொட்டிகள் வந்துவிட்டன.

கீழ்த்தளத்தில் கனத்த பொறிகள் நிற்கின்றன. அவற்றில் நிதானமாகப் பார்க்க வேண்டியது ரோலர். பெயரைக் கேட்டு உருளையைத் தேடினால் கிடைக்காது. வட்டமான ஒரு மேசை. அதன்மேல் அடியில்லாத பெரிய உருண்டைப் பீப்பாய். பீப்பாய்க்குள் மேலிருந்து இறங்கும் மூடி. மேசையைக் குனிந்து பார்த்தால் பித்தளையில் பிறை வடிவ மேடுகள் வரிவரியாகப் பதித்திருப்பது தெரியும். நடுவில் ஒரு கூம்பும் உண்டு. சுற்றிலும் மூன்று வளைதண்டுகள் பீப்பாயைத் தாங்குகின்றன. பொறி ஓடும்போது பீப்பாய் தன்னைத்தானே சுற்றிக்கொள்வதில்லை. அரிசி புடைக்கும் சுளகு போல மேசைமேல் வட்டமடித்து நகர்கிறது, நிமிடத்துக்கு 40 முதல் 45 சுற்று வரை. உள்ளே அடைத்த சில நூறு கிலோ வாடிய இலையும் அதோடு நகர்கிறது. அடியில் மேடுகள் மடக்க, நடுவில் கூம்பு புரட்ட, மேலே மூடி அழுத்த, இலை முறுகிச் சுருண்டு சாறு கசிகிறது. மூடியின் அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் மேலே திருகுச் சக்கரம் இருக்கும். அரை மணி அளவுக்கு ஓடிய பின் மேசையின் நடுக்கதவு திறந்து இலைக் குவியல் கீழே விழும். சில ரோலர்களில் மேசை அசையாது. வேறு சிலவற்றில் மேசையும் எதிர்த்திசையில் நகரும். வளைதண்டு எதில் பொருத்தப்பட்டிருக்கிறது என்று தேடிப் பார்த்து இரண்டையும் பிரித்தறிவது பிள்ளைகளுக்கு நல்ல வேலை.

இந்தப் பொறிக்கு முன்னால் இதே வேலையைக் கை செய்தது. 1867இல் கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஸ்கொட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டெய்லர், முதலில் தன் பங்களா விறாந்தையையே தொழிற்சாலையாக வைத்துக்கொண்டார். மேசைமேல் இலையை வைத்து, தொழிலாளர்கள் உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை அழுத்தி உருட்டினார்கள். மண் அடுப்பில் கரி மூட்டி, கம்பித் தட்டில் இலையை உலர்த்தினார்கள். 1869இல் இலங்கையில் தென்பட்ட இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களை அழிக்கத் தொடங்கியதும் தேயிலையின் பரப்பு வேகமாகக் கூடியது. அத்தனை இலைக்கும் கை போதவில்லை. அசாமில் வில்லியம் ஜாக்சன் 1870களில் உருவாக்கிய உருட்டும் பொறிகளும், அவற்றையொட்டி இலங்கையிலேயே செய்யப்பட்டவையும் தோட்டங்களுக்குள் வந்தன. ரோலரின் மேசையும் மூடியும் எந்த அசைவைப் பின்பற்றுகின்றன என்பது, இலையை இரண்டு கையாலும் ஒருமுறை உருட்டிப் பார்த்தால் பிள்ளைக்குச் சட்டென்று விளங்கும்.

ரோலரிலிருந்து விழும் இலை கட்டி கட்டியாக ஒட்டியிருக்கும். அதிரும் சல்லடை ஒன்று அதை உதிர்த்து, சிறியதைக் கீழே விட்டு, பெரியதை மீண்டும் ரோலருக்கே அனுப்புகிறது. உதிர்ந்த இலையைக் குளிர்ந்த அறையில் பரப்பி வைப்பதுதான் அடுத்த படி. பொறி எதுவும் இல்லாத இந்தப் படியில்தான் தேயிலை தேயிலையாகிறது. இலையின் உயிரணுக்கள் உடைந்தபோது வெளிவந்த நொதி, காற்றிலுள்ள ஒட்சிசனின் துணையோடு இலையின் பொலிபீனோல்களை மாற்ற, பச்சை செம்பு நிறமாகிறது. நறுக்கி வைத்த கத்தரிக்காய் கறுப்பதும் இதே வகை நொதியின் வேலைதான். தொழிற்சாலைக்காரர்கள் இதை நொதித்தல் என்றே சொல்லிவருகிறார்கள். ஆனால் தோசைமாவில் போல இங்கே நுண்ணுயிர்களுக்கு வேலை இல்லை. எப்போது நிறுத்துவது என்பதை, தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் நிறத்தையும் மணத்தையும் வைத்து முடிவுசெய்கிறார். கொஞ்சம் தாமதித்தாலும் சாயம் கூடித் துடிப்பு குறைந்துவிடும்.

நிறுத்துவது உலர்த்தியின் பொறுப்பு. சூடு பட்டதும் நொதி செயலிழக்கிறது. இங்கே நினைவில் வைக்க வேண்டிய பெயர் சிரொக்கோ. வட அயர்லாந்திலிருந்து அசாமின் கச்சார் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த சாமுவேல் டேவிட்சன், கரி அடுப்பின் புகை இலையில் படாமல், தனியே சூடாக்கிய காற்றை மட்டும் இலைக்குள் செலுத்தும் பொறியை அமைத்தார். 1881இல் பெல்பாஸ்ட் நகரில் அதற்காகத் தொழிற்சாலையும் தொடங்கினார். பிறகு வந்த உலர்த்திகளில் துளையிட்ட தட்டுகள் சங்கிலியில் ஊர்ந்து, தட்டுக்குத் தட்டு இலையைக் கீழே கொட்டிக்கொண்டே வரும். சுமார் இருபது நிமிடத்தில் ஈரம் மூன்று சதவீதம் அளவுக்கு இறங்கி, கறுத்த தேயிலை வெளியே விழுகிறது. நாலரை கிலோ அளவு கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகச் சுருங்குவது இந்தப் பயணத்தில்தான்.

கடைசியாகச் சல்லடைகள். இவை இலையை அளவு வாரியாகப் பிரிக்கின்றன. கடைப் பொதியில் அச்சிட்டிருக்கும் பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப். போன்ற எழுத்துகள் துகளின் அளவையே குறிக்கின்றன. தேயிலையின் தரத்தை அல்ல. பெரியவர்களில் பலரும் இதை அறிந்திருப்பதில்லை. தேயிலையோடு கலந்திருக்கும் காம்பு நாரைப் பிரிக்க நிலைமின்னும் பயன்படுகிறது. கம்பளியில் உரசி மின்னேறிய பிளாஸ்டிக் உருளைகள், இலையை விட்டு இலேசான நாரை மட்டும் இழுத்துக்கொள்ளும். சீப்பும் காகிதத் துண்டும் இருந்தால் வீட்டிலேயே செய்து காட்டலாம்.

இத்தனையையும் ஓட்டியவை நீர்ச்சக்கரமும் நீராவியும், பிறகு எண்ணெய் இயந்திரங்களும். கூரையோரம் ஓடும் ஒரே நீளத் தண்டிலிருந்து தோல் பட்டைகள் இறங்கி ஒவ்வொரு பொறியையும் சுற்றின. பட்டை எந்தச் சக்கரத்திலிருந்து எதற்குப் போகிறது என்று விரலால் தொடர்ந்து பார்ப்பது, ஓடும் தொழிற்சாலையில் யாரும் அனுமதிக்காத காரியம். நின்றுபோன பொறிகளிடம் மட்டும் அது பயமில்லாமல் முடியும்.

மேல்தளங்களில் டெய்லர், தேயிலை வணிகர் தோமஸ் லிப்டன் ஆகியோர் தொடர்பான காட்சிப் பொருள்கள், நூலகம், தேயிலைக் கடைகள் ஆகியவை உள்ளன. உச்சியில் தேநீர்ச்சாலை. அங்குள்ள தொலைநோக்கியில் கண்டி நகரையும் சுற்று மலைகளையும் பார்க்கலாம். சிறு பிள்ளைகளுக்கு இந்தத் தொலைநோக்கியே போதுமானதாகத் தோன்றினால் வியப்பில்லை.

ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். இந்தக் கட்டடத்தில் பொறிகளும் துரைமாரும் நிறைய; கூடை சுமந்தவர்கள் குறைவு. தமிழ்நாட்டிலிருந்து வந்து கோப்பிக் காலம் தொட்டு இந்த மலைகளைத் திருத்தியவர்களின் கதைக்கு, கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் உள்ள தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். தொழிலாளர்கள் குடியிருந்த பழைய லயன் அறைகளிலேயே அது அமைந்திருக்கிறது. ஒரு குடும்பம் முழுவதும் வாழ்ந்த அறையின் அளவை, ஹந்தானையின் வாட்டும் தளங்களைப் பார்த்த பிள்ளை அங்கே தானே ஒப்பிட்டுக்கொள்ளும்.

பொறிகள் ஓடுவதையும் பார்க்க விரும்பினால், கொழும்பு வீதியில் பிலிமத்தலாவைப் பக்கம் உள்ள கிரகம தொழிற்சாலை பார்வையாளர்களை ஏற்றுக்கொள்கிறது. இத்தகைய இடங்களுக்குக் காலையில் போவதே நல்லது. முந்தின நாள் பறித்த கொழுந்து இரவெல்லாம் வாடி, ரோலர்கள் விடியும் முன்பே ஓடத் தொடங்கிவிடும். பிற்பகலில் போனால் சல்லடைகள் மட்டுமே இயங்கும் நாள்களும் உண்டு.