முதல் சோலோ ட்ரிப்: 'தனியாவா வந்தீங்க?' என்ற கேள்விக்கு முன்பே தயாராவது எப்படி?

"தம்பி, எத்தனை பேரு?"
"ஒருத்தர்தான்ணா."
"சிங்கிளுக்கு ரூம் தர்றதில்லப்பா."

கும்பகோணத்தில், விடிவதற்கு முன்பு, தோளில் பையோடு நின்ற எனக்குக் கிடைத்த முதல் பதில் இது. இரண்டாவது லாட்ஜில் மேனேஜர் கொஞ்சம் இறங்கி வந்தார். ஆனால் ஒரு கண்டிஷன் போட்டார்: "வீட்டு நம்பர் குடுங்க, ஒரு வார்த்தை பேசிடறேன்."

சிக்கலே அங்கேதான். மயிலாப்பூர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் "ஃப்ரெண்ட்ஸோட போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தேன். அந்த அதிகாலை போனில் பொய் உடைந்தது. ரூம் கிடைத்துவிட்டது. அம்மாதான் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

நண்பர்களுக்கு லீவு கிடைக்கும் வரை காத்திருந்தால் வாட்ஸ்அப் குரூப் மட்டும்தான் மிஞ்சும், ட்ரிப் நடக்காது. அதனால் தனியாகக் கிளம்பலாம் என்று யோசிக்கிறீர்களா? நல்ல யோசனை. நான் செய்த தப்புகளை நீங்களும் செய்ய வேண்டாம் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு ஒத்திகை

எடுத்தவுடனே மணாலி, மேகாலயா வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அடையாறு அல்லது திருவான்மியூரில் பஸ் ஏறி மாமல்லபுரம் போய்விட்டு வாருங்கள். கடற்கரைக் கோயில், ஐந்து ரதங்கள் இரண்டுக்கும் ஒரே டிக்கெட்தான். இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம்.

அங்கே பார்க்க வேண்டியது சிற்பங்களை மட்டுமல்ல, உங்களையும்தான். ஹோட்டலில் தனியாக உட்கார்ந்து சாப்பிட முடிகிறதா? வழி தெரியாதபோது யாரிடமாவது கேட்கத் தயக்கம் இருக்கிறதா? மதியம் 2 மணிக்கே போர் அடிக்கிறதா? இந்தக் கேள்விகளுக்கு ஒரே நாளில் பதில் கிடைத்துவிடும்.

ஏன் கும்பகோணம் - தஞ்சாவூர்?

மொழிப் பிரச்சினை இல்லை. பஸ் வசதி நன்றாக இருக்கிறது. பார்க்க வேண்டிய இடங்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. தனியாகப் போகிறவருக்கு இந்த மூன்றும் முக்கியம்.

1010-ல் முதலாம் ராஜராஜன் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோயில் 1987-ல் யுனெஸ்கோ உலக பாரம்பரியச் சின்னமானது. கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004-ல் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. கும்பகோணத்தில் தங்கினால் மூன்றையும் பார்த்துவிடலாம். தாராசுரம் சுமார் 4 கி.மீ., கங்கைகொண்ட சோழபுரம் சுமார் 35 கி.மீ., தஞ்சாவூர் சுமார் 40 கி.மீ.

ஒரே ஒரு நாள் லீவு போதும். வெள்ளிக்கிழமை பகலில் பயணம், மாலையில் தாராசுரம். சனிக்கிழமை காலை கங்கைகொண்ட சோழபுரம், மதியம் தூக்கம், மாலையில் மகாமகக் குளக்கரையும் ஒரு டிகிரி காபியும். ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூர், இரவு ரயிலில் சென்னை.

ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம். மதியம் பெரும்பாலான கோயில்களில் நடை சாத்திவிடுவார்கள், மாலை 4 மணி வாக்கில்தான் திறப்பார்கள். இது தெரியாமல் போனால் வெயிலில் வாசலில் நிற்க வேண்டியதுதான். தஞ்சாவூரில் அந்த நேரத்தை அரண்மனைக்கும் சரஸ்வதி மகால் நூலக அருங்காட்சியகத்துக்கும் ஒதுக்கலாம்.

டிக்கெட்: என்ன கவனிக்கணும்?

ரயிலில் 60 நாட்களுக்கு முன்பே முன்பதிவு செய்யலாம். 120 நாட்களாக இருந்தது 2024 நவம்பர் 1 முதல் குறைக்கப்பட்டது. கடைசி நேரத்தில் கிளம்புபவர்களுக்கு தட்கல். பயணத்துக்கு முந்தைய நாள் ஏசி வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும், ஸ்லீப்பருக்கு 11 மணிக்கும் தொடங்கும். 2025 ஜூலை முதல் ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் சரிபார்த்த ஐஆர்சிடிசி கணக்கு கட்டாயம். அதை அன்று காலை செய்துகொள்ளலாம் என்று விட்டால் டிக்கெட் போய்விடும். கன்ஃபர்ம் ஆன தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்ப வராது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

தனியாகப் பயணிக்கும் பெண்களுக்கு ஒரு தகவல்: நீண்ட தூர மெயில், எக்ஸ்பிரஸ் ரயில்களின் ஸ்லீப்பர் வகுப்பில் பெண்களுக்கென 6 பெர்த் ஒதுக்கீடு உண்டு. வயது வரம்பு கிடையாது. புக் செய்யும்போது 'லேடீஸ்' கோட்டாவைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

நான் உழவன் எக்ஸ்பிரஸில் போய் இருட்டில் இறங்கினேன். முதல் முறை போகிறவர்கள் பகலில் போகும் சோழன் எக்ஸ்பிரஸைப் பார்க்கலாம். புது ஊரில் வெளிச்சத்தில் இறங்கினாலே பாதி பயம் போய்விடும். எழும்பூரில் மறுசீரமைப்புப் பணி நடப்பதால் சில ரயில்கள் தாம்பரத்திலிருந்து இயக்கப்பட்டன. அதனால் எந்த ஸ்டேஷனில் ஏற வேண்டும் என்பதைக் கிளம்பும் நாளில் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.

'சிங்கிளுக்கு ரூம் இல்லை' ஏன்?

இப்படி ஒரு சட்டம் எதுவும் இல்லை. தனியாக வருபவர் அறைக்குள் விபரீத முடிவு எதையாவது எடுத்துவிட்டால் போலீஸ், விசாரணை என்று அலைய வேண்டியிருக்கும் என்ற பயத்தில் சில லாட்ஜ்காரர்கள் வைத்திருக்கும் வழக்கம் இது. அந்த வாசலில் நின்று வாக்குவாதம் செய்து பயனில்லை. கிளம்பும் முன்பே தவிர்ப்பதுதான் வழி.

ஆன்லைனில் புக் செய்தாலும் லாட்ஜுக்கே ஒரு போன் போட்டு, "நான் ஒருத்தர்தான் வர்றேன், பிரச்சினை இல்லையே?" என்று கேட்டுவிடுங்கள். கூடவே இன்னொரு கேள்வி: செக்-அவுட் மதியம் 12 மணியா, 24 மணி நேரக் கணக்கா? பின்னது என்றால் நீங்கள் எத்தனை மணிக்குள் நுழைகிறீர்களோ, மறுநாள் அதே நேரம் வரை அறை உங்களுடையது. அடையாள அட்டை ஒரிஜினலாகவே கையில் இருக்கட்டும்.

பட்ஜெட்: தனியாகப் போனால் செலவு குறையுமா?

குறையாது. ரூம் வாடகையையும் ஆட்டோ காசையும் பங்கு போட ஆள் இல்லை. அதனால் முதலில் ரூமுக்கு எவ்வளவு என்று முடிவு செய்துவிட்டு மற்றதைத் திட்டமிடுங்கள். மிச்சம் பிடிக்க முடிவது ஊருக்குள் சுற்றும் செலவில்தான். முடிந்தவரை பஸ். சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு 2021 மே முதல் டிக்கெட் இலவசம்.

மொத்த பட்ஜெட்டில் ஐந்தில் ஒரு பங்கை அவசரத்துக்கென்று தனியாக வைத்துவிடுங்கள். யுபிஐ எல்லா இடத்திலும் கைகொடுக்காது. கொஞ்சம் ரொக்கம் பர்ஸில், கொஞ்சம் பையின் வேறொரு அறையில். பவர் பேங்க் கட்டாயம். போன் அணைந்தால் டிக்கெட், பணம், மேப் மூன்றும் சேர்ந்து போய்விடும்.

பாதுகாப்பு

• அவசர உதவிக்கு 112, பெண்கள் உதவி மையத்துக்கு 181, ரயிலில் பிரச்சினை என்றால் 139, சுற்றுலாப் பயணிகளுக்கு 1363. போனில் சேமிப்பதோடு ஒரு தாளிலும் எழுதி வையுங்கள்.
• லைவ் லொகேஷனை நம்பகமான ஒருவருக்கு மட்டும் அனுப்புங்கள். இன்ஸ்டாகிராம் ஸ்டோரியை அந்த இடத்தை விட்டுக் கிளம்பிய பிறகு போடலாம்.
• "தனியாவா வந்தீங்க?" என்று கேட்கும் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் எல்லோருக்கும் உண்மையைச் சொல்லியாக வேண்டும் என்றும் இல்லை. "சொந்தக்காரங்க வெயிட் பண்றாங்க" என்றால் பேச்சு முடிந்துவிடும்.
• ஒரு இடம் சரியாகப் படவில்லையா? கிளம்பிவிடுங்கள். கொடுத்த காசு போனால் போகட்டும்.

வீட்டில் எப்படிச் சொல்வது?

தெரியாதவர்களிடம் சொல்லும் அந்தச் சின்னப் பொய்யை வீட்டில் சொல்லாதீர்கள். எங்கேயாவது ஒரு பிரச்சினை என்றால் அவர்கள் தேடப்போவது உங்களோடு வந்ததாக நீங்கள் சொன்ன நண்பர்களைத்தான். அங்கேயே பாதி நாள் வீணாகும்.

அனுமதி கேட்பது போல ஆரம்பித்தால் "எதுக்கு தனியா?" என்பதில் பேச்சு நின்றுவிடும். திட்டத்தோடு போய் உட்காருங்கள். ரயில் நம்பர், லாட்ஜ் பெயர், லாட்ஜ் போன் நம்பர், திரும்பி வரும் நேரம் எல்லாவற்றையும் ஒரே மெசேஜில் அனுப்பிவிடுங்கள். தினமும் பேசும் நேரம் ஒன்றையும் முடிவு செய்யுங்கள். இரவு 9 மணி என்றால் 9 மணிதான். அதை ஒரு நாள் தவறவிட்டால் அடுத்த ட்ரிப் கஷ்டம்.

இரண்டாவது முறை நான் அப்படித்தான் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அந்த லாட்ஜ் மேனேஜர் நம்பர் இருக்கா? நல்ல மனுஷன். அங்கேயே தங்கு."