ஊர்வலத்தில் ஓர் இடம்

ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்டு 15-ஆம் தேதி காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகளை வரிசை வரிசையாக நிறுத்துவது என் உத்தியோகத்தைச் சேர்ந்த கடமைகளில் ஒன்று. கொடியேற்ற வரும் பிரமுகர் குறித்த வேளைக்கு வந்து சேருவது அபூர்வம். சென்ற வருஷம் ஒரு மணி நேரம் தாமதித்து வந்தார். வெயிலில் நின்றிருந்த சிறுவர்களில் இருவர் மயங்கி விழுந்தனர். பிறகு கொடி ஏறிற்று, பிரசங்கம் நடந்தது, ஆளுக்கொரு மிட்டாய் கிடைத்தது. ஒன்பதரை மணிக்கெல்லாம் மைதானம் காலியாகிவிட்டது. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மாத்திரம் வீட்டுக்குப் போகாமல் நின்று, "ஸார், சுதந்திர தினம் இனிமேல்தானா, முடிந்துபோய்விட்டதா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு எனக்கு விடை தோன்றவில்லை. பிற தேசத்தார் தங்கள் திருநாளை எவ்விதம் கொண்டாடுகிறார்கள் என்று தேடிப் படிக்கலானேன். பீரங்கி முழக்கத்தையும் படைகளின் அணிவகுப்பையும் நான் தேடவில்லை. அவை எல்லாத் தேசங்களிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. சாதாரணக் குடும்பத்தினர் அன்று என்ன செய்கிறார்கள் என்பதையே அறிய விரும்பினேன். அறிந்தவற்றுள் சிலவற்றை நேயர்களுக்குச் சொல்லுகிறேன்.

அடிமைக்கு மறுத்த உணவு

கரீபியன் கடலிலுள்ள ஹெயிட்டி தேசத்துக்கு ஜனவரி 1-ஆம் தேதி சுதந்திர தினம். முற்காலத்தில் அது பிரெஞ்சுக்காரரின் ஆதீனத்தில் இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றிக் கொணரப்பட்ட அடிமைகள் அங்கே கரும்புத் தோட்டங்களிலும் காப்பித் தோட்டங்களிலும் உழைத்து மடிந்தார்கள். 1791-இல் அவ்வடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். பன்னிரண்டு வருஷங்களுக்கு மேல் போராடினார்கள். 1804-ஆம் வருஷம் ஜனவரி 1-ஆம் தேதி, கொனாயிவ் என்ற ஊரில், அவர்களுடைய தளபதி டெஸ்ஸாலீன் சுதந்திரப் பிரகடனம் செய்தார்.

அந்நாளில் ஹெயிட்டியின் வீடுகளில் என்ன நடக்கிறது? ஒரு ஸூப் காய்ச்சுகிறார்கள். பரங்கிக்காயை வேகவைத்து மசித்து, மாட்டிறைச்சி, முட்டைக்கோஸ், காரட், உருளைக்கிழங்கு முதலியவற்றைச் சேர்த்து, மிளகாயிட்டுக் காரசாரமாகச் செய்வது அது. எஜமானர்களின் காலத்தில் பரங்கியைப் பயிரிட்டவனும் அடிமை. ஸூப் காய்ச்சியவளும் அடிமை. ஆனால் அதை ருசி பார்க்கும் உரிமை மட்டும் அவர்களுக்கு இல்லை என்று ஹெயிட்டி மக்கள் தங்கள் குழந்தைகளுக்குச் சொல்லி வருகிறார்கள். ஆகவே, விடுதலை பெற்ற நாளில் அந்த ஸூப்பையே குடிப்பது என்று ஏற்பட்டுவிட்டது. வசதியுள்ளவர்கள் பெரிய பாத்திரத்தில் காய்ச்சி அண்டை அயலாருக்கு அனுப்புகிறார்கள். பிழைப்புக்காக அயல்நாடு போனவர்களும் அன்று தங்கள் அடுப்பில் பரங்கிக்காயை ஏற்றத் தவறுவதில்லை. 2021-இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, கலாசார ஸ்தாபனம் இந்த ஸூப்பை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அங்கீகரித்தது. வறுமையும் கலகமும் ஓயாத தேசம் அது. ஆயினும், தாத்தாவுக்கு மறுக்கப்பட்டது பேரனுக்கு உண்டு என்பதை ஒரு கிண்ணம் ஸூப்பில் அவர்கள் அறிகிறார்கள்.

சிறை இடிந்த நாள்

ஹெயிட்டியை ஆண்ட பிரான்ஸுக்கும் ஒரு விடுதலைத் திருநாள் உண்டு என்பது சரித்திரத்தின் வேடிக்கை. 1789 ஜூலை 14-ஆம் தேதி பாரிஸ் நகரத்து மக்கள் பாஸ்டீல் கோட்டையைத் தாக்கிப் பிடித்தார்கள். அரசனுடைய எதேச்சாதிகாரத்தின் சின்னமாக விளங்கிய அச்சிறையில் அன்று இருந்த கைதிகள் ஏழே பேர்தாம். அந்நாள் தேசீய விடுமுறையாகச் சட்டமானது 1880-இல். காலையில் பாரிஸின் ராஜவீதியில் படைகள் நடக்கின்றன. ஆனால் சாதாரண மக்களின் விழா, முந்தின நாள் இரவிலேயே தொடங்கிவிடுகிறது. தீயணைக்கும் படையினர் தங்கள் நிலையத்து வாயிற்கதவுகளைத் திறந்துவிடுகிறார்கள். முற்றத்தில் விளக்குத் தோரணங்களும் வாத்தியங்களும் அமர்க்களப்படுகின்றன. அத்தெருவில் வசிக்கும் கடைக்காரரும் குமாஸ்தாவும் பாட்டியும் பேத்தியும் அங்கே வந்து நடனமாடுகிறார்கள்.

அப்புரட்சியினால் உயர்ந்தவர்களில் பெர்னடோட் என்பவர் ஒருவர். சாதாரணச் சிப்பாயாகப் படையில் சேர்ந்தவர். பிரபு வம்சத்தில் பிறவாதவனுக்குப் பெரிய படைப் பதவி கிட்டாத காலம் அது. புரட்சி அந்தத் தடையைத் தகர்த்தது, அவர் தளபதியானார், நெப்போலியனிடம் மார்ஷல் பட்டம் பெற்றார், பின்னர் ஸ்வீடன் தேசத்தார் அழைத்துப்போய்த் தங்கள் இளவரசராக்கிக்கொண்டார்கள். 1818-இல் கார்ல் யோஹான் என்ற பெயருடன் அரசரானார். மக்கள் திருநாளினால் வாழ்வு பெற்ற அந்த மனிதரே, வேறொரு தேசத்தின் திருநாளைத் தடுக்க முற்பட்டார். அந்தத் தேசம் நார்வே.

அரசர் தடுத்த விழா

1814-இல் டென்மார்க் அரசர், தம் ஆளுகையில் இருந்த நார்வேயை ஸ்வீடனுக்குக் கொடுக்க உடன்பட்டார். நார்வே ஜனங்களை யாரும் கேட்கவில்லை. அவர்களுடைய பிரதிநிதிகள் 112 பேர் ஐட்ஸ்வோல் என்ற இடத்தில் கூடித் தங்களுக்கென்று ஓர் அரசியல் சாஸனம் வகுத்து, மே 17-ஆம் தேதி கையொப்பமிட்டார்கள். அவ்வருஷத்திலேயே ஸ்வீடனின் படைபலத்துக்குப் பணிந்து அதனுடன் இணைய நேர்ந்தபோதிலும், சிற்சில திருத்தங்களுடன் அந்தச் சாஸனத்தை அவர்கள் காப்பாற்றிக்கொண்டார்கள். மே 17-ஐக் கொண்டாடவும் தொடங்கினார்கள்.

அரசர் கார்ல் யோஹானுக்கு இது பிடிக்கவில்லை. விழாக் கூடாதென்றார். 1829 மே 17-ஆம் தேதி தலைநகரில் ஜனங்கள் கூட்டமாகத் திரண்டனர். அன்று துறைமுகத்துக்கு வந்த நீராவிக் கப்பலின் பெயர் 'கான்ஸ்டிட்யூஷன்', அதாவது அரசியல் சாஸனம். கப்பலுக்கு ஜயகோஷம் செய்வது எப்படிக் குற்றமாகும்? ஆரவாரம் துறைமுகத்திலிருந்து நகரச் சதுக்கத்துக்குப் பரவிற்று. குதிரைப் படையும் காலாட் படையும் வந்து கூட்டத்தைக் கலைத்தன. அக்கூட்டத்தில் இருபது வயது மாணவர் ஒருவர் இருந்தார். அவர்தாம் பின்னாளில் நார்வேயின் பெருங்கவியான ஹென்ரிக் வேர்கலாண்ட். 1833-இல் மே 17 விழாவின் முதல் பகிரங்கச் சொற்பொழிவை நிகழ்த்தியவரும் அவரே.

1870-இல் தலைநகரில் பள்ளிச் சிறுவர்களின் ஊர்வலம் தோன்றிற்று. நார்வேயின் தேசீய கீதத்தை இயற்றிய பியோர்ன்ஸனுக்கு அம்முயற்சியில் பெரும் பங்கு உண்டு. அன்று முதல் அந்நாள் குழந்தைகளின் நாளாகிவிட்டது. இப்போது அந்நாளின் காட்சி இது: காலையில் உற்றாரும் நண்பரும் கூடிச் சிற்றுண்டி அருந்துகிறார்கள். ஸ்திரீகளும் புருஷர்களும் தங்கள் தங்கள் ஜில்லாவுக்குரிய கம்பளி உடையை, வெள்ளி அணிகளுடன், பெட்டியிலிருந்து எடுத்து உடுத்துகிறார்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் தனிக் கொடி. பல பள்ளிகளுக்குச் சொந்தப் பாண்டு வாத்தியம். வாசிப்பவர்கள் அப்பள்ளியின் பிள்ளைகளே. ஆஸ்லோ நகரில் நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகளின் பிள்ளைகள் கையில் சிறு கொடியுடன், "ஹுர்ரா!" என்று கூவிக்கொண்டு, அரண்மனையை நோக்கி நடக்கிறார்கள். மேல்மாடத்தில் நின்று அவர்களுக்குக் கையசைப்பது அரச குடும்பத்தாரின் வேலை. குழந்தைகள் நின்று பிரமுகர்களைப் பார்ப்பதில்லை. பிரமுகர்கள் நின்று குழந்தைகளைப் பார்க்கிறார்கள்! பிறகு ஐஸ்கிரீம், சாக்கு ஓட்டம், கரண்டியில் உருளைக்கிழங்கு ஏந்தி ஓடும் பந்தயம். அன்று எத்தனை ஐஸ்கிரீம் கேட்டாலும் பெற்றோர் மறுப்பதில்லை.

அவர்கள் நடந்துபோகும் வீதியின் பெயர் என்ன தெரியுமா? கார்ல் யோஹான் வீதி. விழாவைத் தடுத்த அரசரின் பெயர் அது. அதே வீதியோரத்தில் வேர்கலாண்டின் சிலையும் நிற்கிறது.

நீண்டுகொண்டே போகும் வரிசை

இவ்வளவும் படித்தபோது எனக்கு மகிழ்ச்சி உண்டாயிற்று. ஆனால் என்னைச் சிந்திக்கச் செய்தது வேறொன்று. அந்த ஊர்வலத்தில் எல்லோருக்கும் முதலிலேயே இடம் இருக்கவில்லை. 1870-இல் நடந்தவர்கள் ஆண் பிள்ளைகள் மட்டுமே; தலைநகரில் பெண் குழந்தைகள் சேர்ந்தது 1889-இல். அவர்கள் போற்றிக் கொண்டாடும் அந்தச் சாஸனமே, யூதர்கள் தேசத்துக்குள் காலடி வைக்கலாகாது என்று விதித்திருந்தது. அக்களங்கத்தைத் துடைக்க வேர்கலாண்ட் எழுதியும் பேசியும் போராடினார். 1845-இல் அவர் காலமானபோது அது நிறைவேறவில்லை. 1851-இல் அவ்விதி நீக்கப்பட்டது. இன்றும் மே 17 காலையில் நார்வே யூதர்கள் அவர் சமாதியில் மலர்வளையம் வைக்கிறார்கள்.

1940 முதல் 1945 வரை ஜெர்மானியர் ஆக்கிரமிப்பின்போது விழா அடியோடு தடுக்கப்பட்டது. 1945 மே 8-ஆம் தேதி விடுதலை வந்தது. ஒன்பதாம் நாள் மே 17. தெருக்கள் ஜனசமுத்திரமாயின என்று சொல்லவும் வேண்டுமோ?

1983-இல் ஆஸ்லோவில் அயல்நாட்டுக் குழந்தைகள் நிறைந்த ஒரு பள்ளிக்கு, ஊர்வலத்தில் வந்தால் வெடிகுண்டு வீசுவோம் என்ற மிரட்டல் வந்தது. அப்பள்ளிப் பிள்ளைகள் நடந்தார்கள். அக்காலத்தை ஒட்டித்தான் இலங்கைத் தமிழர் பலர் உயிருக்கு அஞ்சி அத்தேசத்தை அடைந்தார்கள். வடகோடியில், மே மாதத்திலும் பனி பெய்யக்கூடிய கடற்கரை ஊர்களின் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று அந்த வரிசையில் கொடியேந்தி நடக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து, மூன்று வயதில் அங்கே போய்ச் சேர்ந்த கம்ஷாஜினி குணரத்தினம் என்ற தமிழ்ப் பெண், 2015-இல் ஆஸ்லோ மாநகரின் துணை மேயரானார்.

நம் திருநாளும் தடுக்கப்பட்டதே

நமக்கும் இப்படி ஒரு பூர்வ கதை உண்டு. 1929 டிஸம்பரில் லாகூர் காங்கிரஸ் பூரண சுயராஜ்யத் தீர்மானம் செய்தது. 1930 ஜனவரி 26-ஆம் தேதி ஊர்தோறும் ஜனங்கள் கூடிப் பிரதிக்ஞை எடுத்துக்கொண்டார்கள். மேடை போட அரசாங்கம் இல்லை. அரசாங்கம் எதிரில் நின்றது. அன்று கொடி பிடித்தவன், பிரமுகர் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. அந்நாளை மறவாமைக்காகவே 1950-இல் அதைக் குடியரசு தினமாக்கினோம். ஜனங்கள் தாமே எடுத்த விழாவை, ஜனங்கள் நின்று வேடிக்கை பார்க்கும் விழாவாக மாற்றிக்கொண்டோமே, இது நியாயமா?

பெரிய ஏற்பாடுகள் வேண்டியதில்லை. கொடி ஏறியபின் பிள்ளைகள் பள்ளியைச் சுற்றியுள்ள நான்கு தெருக்களையும் பாடிக்கொண்டு வலம் வரட்டும். தெருவிலுள்ளவர்கள் வாசலில் கோலமிட்டு, ஒரு குவளை நீர்மோராவது கொடுக்கட்டும். என் வகுப்பில் பீஹாரிலிருந்தும் ஒரிஸ்ஸாவிலிருந்தும் செங்கற்சூளை வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் மூவர் இருக்கிறார்கள். தமிழ் இன்னும் தடுமாறுகிறது. எப்போதும் கடைசி வரிசையில் நிற்பார்கள். வரும் ஆகஸ்டு 15-ஆம் தேதி அவர்களுள் ஒருவனிடம் முதற்கொடியைக் கொடுப்பதென்று தீர்மானித்திருக்கிறேன். தலைமையாசிரியரும் சம்மதித்துவிட்டார்.

மூன்றாம் வகுப்பில் கேட்ட சிறுமி இப்போது நான்காம் வகுப்பில் இருக்கிறாள். சுதந்திர தினம் இனிமேல்தான், அம்மா, என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.