ஐம்பது பைசாவும் பழைய கணக்கும்

எந்த மண்டியில் கிலோவுக்கு ஐம்பது பைசா குறைகிறதோ அந்தப் பக்கம் மளிகைக்காரன் மனம் சாய்வது இயல்பு. அதில் தவறு ஒன்றுமில்லை. கொள்முதலில் லாபம் பார்க்காதவன் விற்பனையில் பார்க்க முடியாது என்பது நாம் எல்லோரும் அறிந்ததே. ஆனால் அந்த ஐம்பது பைசாவுக்காக நாங்கள் எதை விட்டுக் கொடுத்தோம் என்பதைச் சக வணிகர்களிடம் சொல்லிவிடுவது நல்லது என்று நினைக்கிறோம். தொழில் தொடர்புகளை வளர்த்துக் கொள்ளுங்கள் என்று சங்கக் கூட்டங்களில் அடிக்கடி பேசுகிறோம். எப்படி வளர்ப்பது என்று பேசுவது குறைவு.

எங்கள் தந்தையார் கடை ஆரம்பித்த நாளிலிருந்து பருப்பு வகை, மல்லி, வற்றல் எல்லாம் விருதுநகரில் ஒரே மண்டியில்தான் கொள்முதல். வாரம் ஒரு நாள் மண்டியிலிருந்து வசூலுக்கு ஆள் வருவார். முதல் நாள் இரவே பணத்தை எண்ணி, காகிதத்தில் சுற்றி, மண்டியின் பெயரை எழுதி கல்லாவின் இடது பக்கம் வைத்துவிடுவது தந்தையார் வழக்கம். வியாபாரம் மந்தமான வாரங்களில் வசூல்காரர் பஸ் ஏறுவதற்கு முன்பே மண்டிக்குப் போன் போய்விடும். "அண்ணாச்சி, இந்த வாரம் பாதிதான். மீதி அடுத்த வாரம் சேர்த்து." அவ்வளவுதான் பேச்சு. பாக்கி நின்றதுண்டு, சொல்லாமல் நின்றதில்லை.

2018-ல் தந்தையார் ஓய்வு எடுத்துக் கொண்டார். அண்ணன் தம்பி நாங்கள் இருவரும் கடையைப் பார்க்க ஆரம்பித்தோம். கைப்பேசியில் தினமும் காலையில் விலைப்பட்டியல் அனுப்பும் வேறு ஊர் மொத்த வியாபாரி ஒருவர் அறிமுகமானார். துவரம்பருப்பு கிலோவுக்கு ஐம்பது பைசா குறைவு. மாதம் ஐம்பது கிலோ மூட்டை இருபது எடுத்தால் ஆயிரம் கிலோ, மிச்சம் ரூ.500. வருடத்துக்கு ரூ.6,000. கணக்கு சரியாகத்தான் இருந்தது. பழைய மண்டியில் எடுப்பதை நிறுத்தினோம். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணாச்சி இரண்டு தடவை போன் செய்தார். "ஸ்டாக் இருக்கு அண்ணாச்சி" என்று சொல்லிச் சமாளித்தோம். மூன்றாவது தடவை அவர் கூப்பிடவில்லை.

2020 மார்ச் 24 இரவு நாடு முழுவதும் ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தது. மளிகைக் கடை திறக்கலாம் என்றாலும் சரக்கு வர வேண்டுமே! லாரி இல்லை, மூட்டை இறக்க ஆள் இல்லை. கடை வாசலில் வட்டம் போட்டு ஜனங்களை நிறுத்தி வைத்திருந்தோம். இரண்டே நாளில் துவரம்பருப்பு காலி. விலைப்பட்டியல் அனுப்புகிறவர் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவருடைய ஆள் பேசினார். முழுப் பணமும் முன்கூட்டி அனுப்ப வேண்டும், விலை கிலோவுக்கு இருபது ரூபாய் அதிகம், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார். இருபது வருடமாக எங்களிடம் வாங்குகிற ஒரு பாட்டி பையை மடித்துக்கொண்டு, "உங்க கடையிலேயே இல்லைன்னா எங்கேப்பா போறது?" என்று கேட்டுவிட்டுப் போனார். மளிகைக் கடை வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கேள்வி எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

வெட்கத்தை விட்டு விருதுநகருக்குப் போன் செய்தோம். எடுத்ததும் அண்ணாச்சி கேட்ட முதல் கேள்வி, "அப்பா நல்லா இருக்காங்களா தம்பி?" என்பதுதான். இருபது மூட்டை வேண்டும் என்றோம். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: "சரக்கு இருக்கு. ஆனா மாசா மாசம் எடுக்கிறவங்களுக்கு முதல்ல கொடுக்கணும் இல்லையா? உங்களுக்கு ஆறு மூட்டை தர்றேன். இன்னிக்கு ரேட்டுதான். வண்டிய நீங்க பிடிச்சிட்டு வாங்க."

ஆறு மூட்டைக்கு நன்றி சொன்னோம். கிடைக்காமல் போன பதினான்கு மூட்டை யாரிடம் போயிற்று என்பதும் எங்களுக்குத் தெரியும். பக்கத்து ஊரில் எங்களைவிடச் சிறிய கடைக்காரர் ஒருவர் அந்த மாதம் முழுவதும் பருப்பு இல்லை என்று சொல்லாமல் கடை நடத்தினார். அவர் அந்த மண்டியை விட்டு என்றும் போனதில்லை.

ஊரடங்கு தளர்ந்த பிறகு நேரில் போய் உள்ளதைச் சொன்னோம். அண்ணாச்சிக்குக் கோபம் இல்லை. "ரேட்டைச் சொல்லியிருந்தா பேசியிருப்போமே தம்பி. ஐம்பது பைசா முழுசா முடியலேன்னாலும் முப்பது பைசா பார்த்திருப்பேன். நீங்க சொல்லாமப் போனதுதான் எனக்கு என்னமோ போல இருந்துச்சு" என்றார். விலை பேசினால் உறவு கெட்டுவிடும் என்று நாம் நினைத்துக் கொள்கிறோம். வாயை மூடிக்கொண்டு விலகுவதில்தான் கெடுகிறது.

இதைப் படித்துவிட்டு எல்லாக் கொள்முதலையும் ஒரே இடத்தில் கட்டிப்போடச் சொல்கிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். இன்று நாங்கள் இரண்டு மண்டிகளில் எடுக்கிறோம்; இருவருக்கும் அது தெரியும். பழகிய இடமாயிற்றே என்று எடை பார்க்காமல் மூட்டையை இறக்குவதும் கிடையாது. ஜி.எஸ்.டி. விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2022 ஜனவரி 1 முதல், சரக்கு கொடுத்தவர் தம் விற்பனைக் கணக்கைத் தாக்கல் செய்து நம் ஜி.எஸ்.டி.ஆர்.-2பி-யில் பில் ஏறினால்தான் உள்ளீட்டு வரியை எடுக்க முடியும் என்றாகிவிட்டது. பணத்தையும் வரியையும் நாம் கொடுத்திருப்போம். அவர் தாக்கல் செய்யாவிட்டால் நஷ்டம் நமக்கு. ஐம்பது பைசா குறைத்தவர் கணக்கு தாக்கல் செய்கிறவரா என்று விசாரிக்க நாலு பேரைத் தெரிந்திருக்க வேண்டும். அந்த நாலு பேர் யார்? நம்மைப் போலவே கடை வைத்திருப்பவர்கள்தான்.

இங்கே ஒரு பழைய சங்கதியைச் சொல்ல வேண்டும். விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை வட்டாரத்து நாடார் வணிகர்கள் மகமை என்று ஒன்று வைத்திருந்தார்கள். வியாபாரமாகும் சரக்குக்கு இவ்வளவு என்று ஒவ்வொருவரும் பொதுவில் செலுத்துவது. ஒரே தெருவில் ஒரே சரக்கை விற்றுப் போட்டி போட்டவர்கள்தான், பொதுப் பணத்தில் ஒன்றாகக் கணக்குப் பார்த்தார்கள். கோயிலும் கிணறும் பள்ளிக்கூடமும் அப்படி வந்தன. விருதுநகரில் 1889-ல் தொடங்கிய சத்திரிய வித்யாசாலை அந்தச் சமூகத்தார் நடத்திய பள்ளிதான். காமராஜர் படித்த பள்ளி அது. 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கி என்ற பெயரில் தொடங்கிய வங்கியே பின்னாளில் தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி ஆயிற்று. மகமைக் கணக்கு பார்க்க உட்காருகிறபோது யார் நாணயமானவர், யார் இழுத்தடிப்பவர் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். விசிட்டிங் கார்டு அச்சடிக்காத காலத்திலேயே அவர்களுக்கு அறிமுகம் அப்படிக் கிடைத்தது.

நமக்கும் அப்படிப்பட்ட சந்தர்ப்பங்கள் இல்லாமல் இல்லை. மே 5 வணிகர் தின மாநாட்டுக்கு நம் சங்கத்தார் வேன் வைத்துப் போகிறோம். மேடைப் பேச்சைவிட வேனில் போகிற ஆறு மணி நேரம் பிரயோஜனமானது என்பது எங்கள் அபிப்பிராயம் (மேடையில் பேசுகிறவர்கள் மன்னிக்க வேண்டும்). எங்களுக்கு எண்ணெய் ஏஜென்சிக்காரர் பழக்கமானது ஒரு டீக்கடை நிறுத்தத்தில்தான். அதே போல லைனுக்கு வரும் சேல்ஸ்மேனை வெயிலில் நிறுத்தி வைக்காமல் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுங்கள். ஆர்டர் இல்லை என்றால் இல்லை என்று உடனே சொல்லி அனுப்புங்கள். அவருக்கும் அடுத்த கடை இருக்கிறது. எங்கள் கடைக்கு பிஸ்கட் லைனில் வந்த பையன் இன்று இரண்டு கம்பெனிக்கு ஸ்டாக்கிஸ்ட். தட்டுப்பாடான நாளில் நம் கடைக்கு ஒரு பெட்டி ஒதுக்கி வைக்கிறார்.

பக்கத்துக் கடைக்காரரிடம் சரக்கு கைமாற்று வாங்குவதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பவர்கள் நம்மில் உண்டு. கைமாற்றாக வாங்கிய ஒரு பெட்டி சோப்பை மறுநாள் காலையே திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். பிறகு உங்கள் வீட்டு விசேஷத்தன்று அவரே உங்கள் கடை வாடிக்கையாளருக்கும் பதில் சொல்வார்.

போன வருடம் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு இளைஞர் புதிதாக மளிகைக் கடை போட்டார். வெளியூரில் வேலை பார்த்துச் சேர்த்த பணம். கடன் கொடுக்க எந்த மண்டியும் தயாரில்லை. ரொக்கத்துக்கே எடுத்துக் கை வறண்டு போயிற்று. எங்களிடம் வந்து கேட்டார். போட்டிக் கடைக்காரனை நாமே மண்டிக்கு அழைத்துப் போவதா என்று தம்பி தயங்கினான். தந்தையார் திண்ணையிலிருந்தே, "நீ கூட்டிட்டுப் போகலேன்னா வேற யாராவது கூட்டிட்டுப் போவாங்க. அப்ப அவன் உனக்குத் தெரியாதவனா இருப்பான்" என்றார்.

அழைத்துப் போனோம். அண்ணாச்சி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எங்களிடம் கேட்டார்: "பணத்துக்கு நீங்க பொறுப்பா தம்பி?"

"பணத்துக்கு இல்லை அண்ணாச்சி. ஆளை ஆறு மாசமா பார்க்கிறோம். சொன்னா சொன்ன நேரத்துக்குக் கடை திறக்கிறார். அதைத்தான் சொல்ல முடியும்."

நாலு மூட்டை, பத்து நாள் தவணை என்று சிட்டை எழுதினார்கள். திரும்பி வரும்போது, ஏதாவது தட்டினால் ஒரு நாள் முன்பே போன் செய்துவிட வேண்டும் என்று மட்டும் அவரிடம் சொன்னோம். பணம் ஒன்பதாம் நாளே வந்துவிட்டதாக அண்ணாச்சி போனில் தெரிவித்தார். அடுத்த நடையில் அவருக்குப் பத்து மூட்டை ஏற்றி அனுப்பியிருக்கிறார். எங்கள் சரக்கு வந்த அதே வண்டியில், வாடகை பாதிப் பாதி.