நாக்குகள் தீட்டிய ஆடை

ஆங்கில நாடகாசிரியர் ஷேக்ஸ்பியர் இயற்றிய ‘நான்காம் ஹென்றி’ நாடகத்தின் இரண்டாம் பாகம் விந்தையான காட்சியுடன் தொடங்குகிறது. ஆடை முழுவதும் நாக்குகள் தீட்டப்பெற்ற ஒரு பாத்திரம் மேடைக்கு வருகிறது. அதன் பெயர் வதந்தி. போர்க்களத்தில் மகன் வென்றான் என்ற பொய்ச்செய்தி தந்தையை முதலில் எட்டுகிறது; அவன் மாண்டான் என்ற உண்மை பின்னரே வருகிறது.

நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் அந்த வதந்தி நமது ஸ்ரீபெரும்புதூருக்கும் வந்தது. கைப்பேசி வழியாக வந்தது.

2021 டிசம்பரில், அங்கு ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் பலர், தாம் தங்கியிருந்த விடுதியின் உணவால் நோயுற்றனர். 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சிலர் இறந்துவிட்டனர் என்ற செய்தி கைப்பேசிகளில் பரவிற்று. கலங்கிய பெண்கள் டிசம்பர் 17ஆம் நாள் இரவு சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். மறியல் மறுநாளும் நீடித்தது. உண்மையில் எவரும் இறக்கவில்லை. நாடகத்தின் வதந்தி இறந்தவனை வாழ வைத்தது; இங்கோ வாழ்வோரை இறந்தவராக்கியது.

எனினும், பழி முழுவதையும் கைப்பேசியின் மேல் சுமத்துவது நீதியாகாது. விடுதிகள் சிலவும் உணவுக்கூடங்களும் தனது விதிகளுக்கு ஏற்ப இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே அறிவித்து, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. மூடப்பட்ட ஆலை 2022 ஜனவரியில்தான் மீண்டும் இயங்கத் தொடங்கியது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கத்தக்க குடியிருப்பை முதலமைச்சர் திறந்து வைத்தார். இறப்புச் செய்தி பொய். ஆனால் அப்பெண்களின் குறை மெய். மெய்யான குறை நெடுநாள் கேட்கப்படாமல் கிடக்கும் இடத்தில்தான் பொய்யும் எளிதாக நம்பப்படுகிறது.

ஒரு செய்தி வந்தால் தீர விசாரியுங்கள்; அறியாமையால் ஒரு சமூகத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்தாதீர்கள் என்ற கருத்தைத் திருமறையின் அல்ஹுஜுராத் அத்தியாயம் 6ஆம் வசனம் நமக்குப் போதிக்கிறது. கைப்பேசியில் வரும் செய்தியைப் பிறருக்கு அனுப்புமுன், இதைக் கண்டவர் யார், எப்போது கண்டார், சம்பந்தப்பட்டவரிடமே கேட்க முடியுமா என்று சற்றே நின்று எண்ணுவோம். வெளியூர் விடுதியில் மகளை விட்டிருக்கும் தாய்க்கு, நாம் அனுப்பும் ஒரு வரி அன்றைய இரவின் உறக்கத்தையே பறித்துவிடும். உண்மையை அறிந்தோருக்கும் ஒரு கடமையுண்டு. அதைக் காலந்தாழ்த்தாமல் சொல்லிவிட வேண்டும்.

செவியையும் நாவையும் பேணி நடக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக!