தங்கவயலுக்கும் சென்னைக்கும் எவ்வளவு தூரம்?

கோலார் தங்கவயலில் வாழும் ஒருவருக்குச் சென்னையிலிருந்து சாவுச் செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மாலைக்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். "பெங்களூரில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரந்தானே!" என்பார் அடுத்த வீட்டுக்காரர். நேயர்களே, அந்த ஒரு மணி நேரத்தில் எவையெல்லாம் அடங்கும், எவையெல்லாம் அடங்கா என்று நாம் சற்றே ஆராய்வோம்.

இரு நகர விமான நிலையங்களுக்கும் இடையே நேர்கோடு இழுத்தால் ஏறத்தாழ 270 கிலோமீட்டர். இருப்புப்பாதையோ ஜோலார்பேட்டைக்காகத் தெற்கே வளைந்து, 360 கிலோமீட்டராக நீள்கிறது. மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்க வல்ல விமானம் இத்தூரத்தை இருபது நிமிடத்தில் கடந்துவிட வேண்டுமே! ஆனால், அந்த வேகத்துக்குரிய உயரத்தை எட்டிய சிறிது நேரத்திலேயே அது இறங்கத் தொடங்கிவிடுகிறது. ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வதும், முறைக்காகக் காத்து நிற்பதும் பயணச்சீட்டில் குறித்த நேரத்திலேயே சேர்ந்தவை. ஆகவேதான் ஒரு மணி நேரம்.

சீட்டில் சேராதவை வேறு. 2008 மே மாதம் வரை பெங்களூர் விமான நிலையம் நகரின் கீழ்த்திசையில், நம் பக்கமாக இருந்தது. பின்னர் வடக்கே தேவனஹள்ளிக்குப் போய்விட்டது. தங்கவயலிலிருந்து அவ்விடத்துக்குச் சாலை வழி 90 கிலோமீட்டருக்கு மேல். இரண்டு மணி நேரமேனும் ஆகும். விமானம் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே அங்கு இருத்தல் வேண்டும். மீனம்பாக்கத்தில் இறங்கி நகருக்குள் செல்ல மேலும் அரை மணி. எல்லாம் தடையின்றி நடந்தாலே நாலரை மணி ஆயிற்று.

இனி ரயிலைப் பார்ப்போம். மாரிக்குப்பத்திலிருந்து பங்காரப்பேட்டைக்கு 16 கிலோமீட்டர்க் கிளைப்பாதை 1894-ஆம் ஆண்டிலேயே போடப்பட்டது. பங்காரப்பேட்டையிலிருந்து சென்னை சுமார் 290 கிலோமீட்டர். விரைவு வண்டியில் ஐந்து மணி நேர அளவு. அதிலும், தங்கவயல் தமிழருள் பலருடைய முன்னோர் வட ஆர்க்காட்டுச் சீமையினர். வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம், காட்பாடி ஆகிய ஊர்களை ரயில் வழியிலேயே தொட்டுச் செல்கிறது. விமானமோ அவ்வூர்களைக் கடந்து சென்னைக்குப் போய்விடும். இறங்கியவர் வந்த திசையிலேயே திரும்ப வேண்டும்!

தூரம் என்பதைக் கீழ்நோக்கியும் அளந்த ஊர் இது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்றது. சமதரையில் அது அரைமணி நடைத் தொலைவு. சுரங்கத்திலோ ஒரு கூண்டில் இறங்கி, மற்றொரு கூண்டுக்கு மாறி, அதன்பின்னரே வேலைமுகத்தை அடைய முடியும்.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் இவ்வூரார் ஆயிரக்கணக்கில் பெங்களூருக்கு அன்றாடம் ரயிலேறிப் பிழைக்கின்றனர். மாரிக்குப்பத்திலிருந்து சுமார் 86 கிலோமீட்டர். போக இரண்டு மணி, வர இரண்டு மணி. அவர்களுக்கு ரயில் நேரத்தை எவரும் சொல்லித்தர வேண்டுவதில்லை.

சாவுச் செய்தி பெற்றவர் முதலில் விசாரிக்க வேண்டியது, பங்காரப்பேட்டையில் அடுத்த சென்னை வண்டி எத்தனை மணிக்கு என்பதையே. அதைத் தவறவிட்டிருந்தால் தேவனஹள்ளியைப் பற்றி யோசிக்கலாம்.