ஒரு பேச்சு எப்படி அவியலாகிறது?

பல இனத்தாரும் கூடியிருக்கும் மேடையில் எல்லோரையும் பெருமைப்படுத்திப் பேச வேண்டும். வழக்கமாக என்ன நடக்கும்? பேச்சாளர் எல்லாச் சமூகங்களின் பெயரையும் வரிசையாகச் சொல்லி, அனைவரும் சமம் என்று முடிப்பார். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அது காய்கறிக் கூடையைக் காட்டிவிட்டுச் சமையல் ஆயிற்று என்பதைப் போலத்தான்.

உண்மையிலேயே அடுப்பைப் பற்றவைத்தவர் தாபோ எம்பெக்கி. 1996 மே 8 அன்று கேப் டவுனில், தென்னாப்பிரிக்காவின் புதிய அரசியல் சட்டத்தை அரசியல் நிர்ணய சபை நிறைவேற்றியது. அப்போது துணை அதிபராக இருந்த அவர் அங்கே ஆற்றிய உரை ‘நான் ஓர் ஆப்பிரிக்கன்’ என்றே பெயர் பெற்றுவிட்டது. அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அவியல் வைக்கத் தெரிந்தவர்களுக்கு இது எளிது. தெரியாதவர்களும் சாப்பிட்டாவது இருப்பீர்கள்.

முதலில் பாத்திரம். எம்பெக்கி எடுத்தவுடன் எந்த இனத்தையும் தொடவில்லை. மலை, பள்ளத்தாக்கு, ஆறு, பாலைவனம், பருவங்கள் என்று நிலத்தை வைக்கிறார். பிறகு சிறுத்தை, சிங்கம், யானை. கொசுவுக்குக்கூட ஓர் இடம் உண்டு! அந்த மலைகள் யாருக்கும் அந்நியமல்ல. அதனால் சபையில் எந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் முகம் சுளிக்காமல் உள்ளே வந்துவிடுகிறார்.

அடுத்து, வேக நேரமெடுக்கும் காய். அவியலில் சேனையும் வாழைக்காயும் முதலில் போகும், பூசணி பின்னால் வரும். எம்பெக்கி முதலில் எடுப்பது கோய், சான் மக்களை. கேப் பகுதியின் ஆதிக்குடிகளான அவர்கள் கூட்டம் கூட்டமாக அழிக்கப்பட்டார்கள். அந்தக் கதையை முதலில் சொல்லாமல் மற்றவர்களைக் கொண்டாடினால், கடைசிவரை பல்லில் கடிபடும்.

பிறகு ஒவ்வொரு காயாக விழுகிறது. ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள், கிழக்கிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மலாய் மக்கள், ஹின்ட்சா, செகுகுனே, செட்ஷ்வாயோ ஆகிய ஆப்பிரிக்க மன்னர்களின் பின்னால் போருக்குப் போனவர்கள். பிரிட்டனோடு 1899 முதல் 1902 வரை போரிட்ட, டச்சுக் குடியேறிகளின் வழிவந்த போயர்களின் கல்லறைகளுக்கும் பூ வைக்கிறார். அதன் பின் இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் உடலுழைப்புக்காகக் கப்பலேற்றப்பட்டவர்கள். இந்த இடத்தில் நம் ஆட்களும் இருக்கிறார்கள். 1860 நவம்பரில் முதல் ஒப்பந்தக் கூலிகளை டர்பனில் இறக்கிய ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து போனதுதான்.

காய்களை எப்படி நறுக்கியிருக்கிறார் என்று பாருங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே விரல் நீளம். ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒன்றிரண்டு வாக்கியம். ஒருவருக்குப் பத்து நிமிடம், இன்னொருவருக்குப் போகிற போக்கில் ஒரு பெயர் என்பதே கிடையாது. நம் விழா மேடைகளில் முதலில் சறுக்குவது இங்கேதான்.

சரி, இத்தனை காயையும் சேர்த்துப் பிடிப்பது எது? தேங்காய் அரைப்பு. இந்த உரையில் அது ‘நான்’. அவர்களும் நம் சகோதரர்கள் என்று எம்பெக்கி சொல்வதில்லை. இவர்களின் பேரன் நான், இவர்களிடமிருந்து வந்தவன் நான், இவர்கள் ரத்தம் என்னுள் ஓடுகிறது என்றே சொல்லிக்கொண்டு போகிறார். ‘அவர்கள்’ என்று சொன்ன கணத்தில் பேசுபவர் விருந்து கொடுப்பவராகவும் கேட்பவர் விருந்தாளியாகவும் ஆகிவிடுவார். ‘நான்’ என்றால் அந்தப் பிரிவே இல்லை.

பிறப்பால் கோசா இனத்தவரான ஒருவர் மலாய் ரத்தம் தனக்குள் ஓடுகிறது என்று சொல்லலாமா என்று கேட்கலாம். அவர் சொல்வது குடும்ப வம்சாவளி அல்ல, ஒரே மண்ணின் வரலாறு. அவர் தந்தை கோவன் எம்பெக்கி 1964இல் மண்டேலாவோடு ஆயுள் தண்டனை பெற்றவர். தாபோவும் ஏறத்தாழ 28 ஆண்டுகள் நாட்டைவிட்டு வெளியே வாழ்ந்தவர். அப்படிப்பட்டவர் வெள்ளையரையும் தன்னில் ஒரு பகுதி என்கிறார். இந்த அரைப்புக்குக் கனம் அங்கிருந்துதான் வருகிறது. வேறு ஒருவர் சொல்லியிருந்தால் வெறும் நயமாகப் போயிருக்கும்.

இன்னொரு பக்குவம், கரண்டியைப் போட்டுக் கிண்டாமல் இருப்பது. எல்லாரும் மனிதர்கள்தானே என்று குழைத்துவிட்டால் அது கூட்டும் அல்ல, அவியலும் அல்ல. கடைசிவரை சேனை சேனையாகவும் முருங்கை முருங்கையாகவும் தெரிய வேண்டும். எம்பெக்கி பெயர்களை விடாமல் சொல்வது அதற்காகத்தான்.

பிறகு புளித்த தயிர். நிறவெறி ஆட்சியின் கொடுமை, தெருவில் நிற்கும் பிள்ளைகள், பிச்சையெடுப்போர் எல்லாவற்றையும் சொல்கிறார். ஆனால் எல்லாரையும் ‘நான்’ என்று சேர்த்த பிறகே சொல்கிறார். தயிரை முதலிலேயே கொதியில் ஊற்றினால் திரிந்துவிடும் அல்லவா? காய் வெந்து, தீயும் தணிந்த பிறகு ஊற்றியதால் புளிப்பு சுவையாகவே நிற்கிறது. கடைசியில் பச்சைத் தேங்காய் எண்ணெயும் கறிவேப்பிலையும். இனி நம்மை எதுவும் தடுக்க முடியாது என்ற நம்பிக்கையோடு இறக்கிவிடுகிறார். அதற்கு மேல் அடுப்பில் வைக்கவில்லை.

அன்று நிறைவேறிய சட்டம் நீதிமன்றம் கேட்ட திருத்தங்களுக்குப் பிறகு 1997 பிப்ரவரி 4இல் நடைமுறைக்கு வந்தது. அது 11 மொழிகளை ஆட்சிமொழிகளாக அறிவித்தது. 2023இல் சைகை மொழி 12ஆவதாகச் சேர்ந்தது. ஆட்சிமொழி அல்லாத, ஆனால் மதித்து வளர்க்க வேண்டிய சமூக மொழிகள் என்று அதன் 6ஆம் பிரிவு தருகிற பட்டியலில் குஜராத்தி, இந்தி, தெலுங்கு, உருது ஆகியவற்றோடு தமிழும் இருக்கிறது.